ஆய்விலிருந்து வகுப்பறைக்கு: வடசென்னை ஆசிரியர்களுக்கான தொடக்க வழிகாட்டி

கல்வி ஆய்வு என்றதும் பெரும்பாலான ஆசிரியர்களுக்கு இரண்டு விஷயங்கள் நினைவுக்கு வரும். ஒன்று, பி.எட். படிக்கும்போது மதிப்பெண்ணுக்காக எழுதி, பைண்டு செய்து ஒப்படைத்த செயல் ஆராய்ச்சி அறிக்கை. மற்றொன்று, பயிற்சி வகுப்பின் திரையில் வந்துபோகும் 'ஆய்வுகள் கூறுகின்றன' என்ற வரி. முன்னதை ஒப்படைத்த பிறகு எவரும் திறந்து பார்ப்பதில்லை. பின்னதில் அந்த ஆய்வை யார், எந்த ஊரில், எந்த வயதுப் பிள்ளைகளிடம் செய்தார்கள் என்பது சொல்லப்படுவதில்லை. ஆய்வு என்பது வேறு யாருடைய வேலையோ என்ற எண்ணம் ஆசிரியர்களிடம் ஊறிப்போயிருப்பதில் வியப்பேதும் இல்லை.

தண்டையார்பேட்டையிலோ வியாசர்பாடியிலோ கொடுங்கையூரிலோ உள்ள ஒரு மாநகராட்சிப் பள்ளியிலோ அரசு உதவி பெறும் பள்ளியிலோ பணிபுரிந்துகொண்டு, எமிஸ் என்ற பள்ளித் தகவல் தளத்தின் பதிவுகளுக்கும் தேர்வுப் பணிகளுக்கும் நடுவில் வாரத்துக்கு ஒரு மணி நேரம் மட்டுமே ஒதுக்கக்கூடிய ஒருவர், ஆய்வு முடிவுகளைத் தம் வகுப்பில் எப்படிப் பயன்படுத்தலாம் என்பதே இக்கட்டுரையின் பொருள். முனைவர் பட்டமோ புள்ளியியல் பயிற்சியோ இதற்குத் தேவையில்லை. ஒரு நோட்டும், தயக்கமின்றி வகுப்புக்குள் அழைக்கக்கூடிய ஒரு சக ஆசிரியரும் இருந்தால் தொடங்கிவிடலாம்.

முதற்படி: கேள்வியைச் சுருக்குதல்

ஆய்வைத் தேடுவதற்கு முன் கேள்வியைத் தேட வேண்டும். 'பிள்ளைகளுக்குப் படிப்பில் ஆர்வமில்லை' என்பது ஆதங்கம். அதை வைத்துக்கொண்டு எந்த ஆய்வையும் தேட முடியாது. எந்தப் பிள்ளைகள், எந்தப் பாடத்தில், எந்த இடத்தில் தடுமாறுகிறார்கள் என்று கேட்கத் தொடங்கும்போதுதான் ஆதங்கம் கேள்வியாக மாறும்.

கொருக்குப்பேட்டையில் ஏழாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கும் ஓர் ஆசிரியரை எடுத்துக்கொள்வோம். முதல் பருவத்தில் 'விசையும் இயக்கமும்' பாடத்தை நடத்துகிறார். தொலைவுக்கும் (கடந்த மொத்தப் பாதை) இடப்பெயர்ச்சிக்கும் (கிளம்பிய இடத்துக்கும் சேர்ந்த இடத்துக்கும் நேர்க்கோட்டில் உள்ள தூரம்) உள்ள வேறுபாட்டை நடத்திய அன்று வகுப்பே ஒரே குரலில் சொல்கிறது. இரண்டு வாரம் கழித்து வைக்கும் தேர்வில் பாதிப் பேர் அந்தக் கேள்வியைத் தொடவே இல்லை. 'மறந்துவிடுகிறார்கள், மேடம்' என்று ஆசிரியர் அறையில் சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போவதுதான் வழக்கம். அப்படிப் போகாமல், அந்த விடைத்தாள்களை மேசைமேல் பரப்பி மூன்று குவியலாகப் பிரித்துப் பார்க்கலாம்: எதுவும் எழுதாதவர்கள், இரண்டையும் மாற்றி எழுதியவர்கள், பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்டால் சரியாகச் சொல்லியும் தாளில் எழுத முடியாதவர்கள். மூன்றாவது குவியலில் இருப்பவர்களுக்கு அறிவியல் மறக்கவில்லை. தமிழில் ஒரு வாக்கியம் எழுதுவதுதான் வரவில்லை. அவர்களுடைய கேள்வி வேறு, அதற்குத் தேட வேண்டிய ஆய்வும் வேறு. இரண்டாவது குவியல் கருத்துக் குழப்பம் பற்றியது. முதல் குவியலை வருகைப் பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தால், அதில் சிலர் பாடம் நடந்த நாளில் பள்ளிக்கே வந்திருக்கமாட்டார்கள். கற்காததை மறக்க முடியாது.

வடசென்னைப் பள்ளிகளில் இந்தப் பிரிப்பு கூடுதல் முக்கியத்துவம் பெறுகிறது. வீட்டில் தெலுங்கோ உருதோ இந்தியோ பேசும் பிள்ளைகள் பல வகுப்புகளில் இருக்கிறார்கள். அவர்களுடைய தாளில் உள்ள வெற்றிடத்தையும் தமிழை வீட்டு மொழியாகக் கொண்ட பிள்ளையின் தாளில் உள்ள வெற்றிடத்தையும் ஒரே காரணத்தால் விளக்கிவிட முடியாது. இப்படிச் சலித்த பிறகு எஞ்சுவது, 'வகுப்புக்கு வந்து, புரிந்துகொண்டு, அன்றே சரியாகச் சொன்ன பிள்ளைகள் இரண்டு வாரத்துக்குள் ஏன் இழந்துவிடுகிறார்கள்?' என்ற கேள்வி. இதைக் கையில் வைத்துக்கொண்டு தேடலாம்.

இரண்டாம் படி: தேடுதல்

இதில் நீண்ட நேரம் செலவிட வேண்டாம். கூகுள் ஸ்காலர், அமெரிக்கக் கல்வித் துறையின் எரிக் தரவுத்தளம் ஆகிய இரண்டிலும் இலவசமாகத் தேடலாம். இங்கிலாந்தில் 2011-இல் தொடங்கப்பட்ட எஜுகேஷன் எண்டோமென்ட் பவுண்டேஷன், பல ஆய்வுகளைத் தொகுத்து, ஒவ்வொரு கற்பித்தல் முறைக்கும் எவ்வளவு செலவாகும், சான்று எவ்வளவு வலுவானது, சராசரியாக எத்தனை மாத முன்னேற்றம் கிடைக்கும் என்று மூன்று குறிப்புகளோடு இணையத்தில் வைத்திருக்கிறது. புதிதாகத் தொடங்குபவர்கள் அங்கிருந்து தொடங்குவதே எளிது. இந்திய ஆய்வுகளுக்கு, வறுமை ஒழிப்புத் திட்டங்களைக் களத்தில் சோதிக்கும் ஜே-பால் ஆய்வு நிறுவனத்தின் தளம் உதவும். இந்தியப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகள் சோத்கங்கா களஞ்சியத்தில் கிடைக்கின்றன. தரம் சீராக இருக்காது என்றாலும், தமிழ்நாட்டுப் பள்ளிகளில் நடந்த வேலைகளைக் காண வேறு நல்ல இடம் குறைவு.

இவற்றில் பெரும்பகுதி ஆங்கிலத்தில் இருப்பது உண்மையான தடைதான். கட்டுரை முழுவதையும் படிக்க வேண்டியதில்லை. தொடக்கத்தில் உள்ள சுருக்கத்தையும், யாரிடம் எப்படிச் செய்தார்கள் என்று சொல்லும் பகுதியையும், முடிவு அட்டவணையையும் படித்தால் போதுமானது. கைப்பேசியின் மொழிபெயர்ப்பு வசதியைப் பயன்படுத்தலாம். எண்களையும் 'இல்லை', 'ஆனால்' போன்ற இடங்களையும் மட்டும் மூலத்தோடு ஒருமுறை ஒப்பிட்டுவிட வேண்டும். பள்ளியில் ஆங்கில ஆசிரியர் ஒருவர் இதில் கூட்டுச் சேர்ந்தால் வேலை பாதியாகும்.

மூன்றாம் படி: ஓர் ஆய்வை வாசித்தல்

மறதி குறித்த ஆய்வுக்கு நீண்ட வரலாறு உண்டு. ஜெர்மானிய உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ் 1885-இல் தம்மையே சோதனைக்கு உட்படுத்தி, கற்றது எவ்வளவு வேகமாக நழுவுகிறது என்று அளந்து வெளியிட்டார். நம் கேள்விக்கு நேரடியாகப் பொருந்துவது 2006-இல் அமெரிக்காவில் ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்பிக்கும் வெளியிட்ட ஆய்வு. மாணவர்களிடம் சிறிய உரைநடைப் பகுதிகளைக் கொடுத்தார்கள். ஒரு பகுதியை மீண்டும் ஒருமுறை படிக்கச் செய்தார்கள். இன்னொரு பகுதியைப் படித்தபின் மூடிவைத்துவிட்டு, நினைவிலிருந்து எழுதச் சொன்னார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது மீண்டும் படித்ததே சற்று நன்றாக நினைவில் இருந்தது: 81 விழுக்காடு, மற்றதில் 75. ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழானது: மீண்டும் படித்ததில் 42 விழுக்காடு, நினைவிலிருந்து எழுதியதில் 56.

இந்த எண்களைப் பார்த்ததும் 'நாளையிலிருந்து தினமும் தேர்வு' என்று அறிவித்துவிடக் கூடாது. எந்த ஆய்வாக இருந்தாலும் கேட்க வேண்டிய சில கேள்விகள் உள்ளன; இதையே வைத்துக் கேட்டுப் பார்ப்போம்.

ஆய்வில் பங்கேற்றவர்கள் யார்? பல்கலைக்கழக மாணவர்கள். சரளமாக வாசிக்கத் தெரிந்தவர்கள். எதனோடு ஒப்பிட்டார்கள்? மீண்டும் படிப்பதோடு, சும்மா இருப்பதோடு அல்ல. இது முக்கியமான நற்குறி, ஏனென்றால் எதுவுமே செய்யாததோடு ஒப்பிட்டால் எந்த முறையும் வெற்றி பெற்றுவிடும். எப்போது அளந்தார்கள்? ஐந்து நிமிடம், இரண்டு நாள், ஒரு வாரம். ஐந்து நிமிடத்தோடு நிறுத்தியிருந்தால் முடிவு எதிராகப் போயிருக்கும் என்பதைக் கவனிக்க வேண்டும். நம் வகுப்பறையில் 'புரிந்ததா?' என்று கேட்டு, 'புரிந்தது, மிஸ்' என்ற குரலோடு மணி அடிக்கும் நேரமும் அந்த ஐந்து நிமிடமும் ஒன்றுதான். கடைசியாக, ஒரே ஆய்வா, பலர் பல இடங்களில் செய்து பார்த்ததா? ஜான் டன்லாஸ்கியும் அவருடைய குழுவினரும் 2013-இல் பத்துக் கற்றல் உத்திகளைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிட்டபோது, நினைவிலிருந்து மீட்டுப் பார்ப்பதற்கும் இடைவெளி விட்டுப் பயில்வதற்கும் உயர்ந்த மதிப்பைத் தந்தார்கள். அடிக்கோடிடுவதும் திரும்பத் திரும்பப் படிப்பதும் கடைசி வரிசையில் வந்தன.

'விளைவின் அளவு 0.2' என்பது போன்ற எண்கள் பலரை மிரட்டுகின்றன. ஒரு தேர்வின் சராசரி 50 என்றும், பெரும்பாலான மதிப்பெண்களின் சிதறலைக் காட்டும் திட்ட விலக்கம் 15 என்றும் வைத்துக்கொண்டால், 0.2 என்பது அந்தத் திட்ட விலக்கத்தில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 3 மதிப்பெண். அவ்வளவுதான். 3 மதிப்பெண் என்பது சிறிதா பெரிதா என்பது அதைப் பெற என்ன செலவாயிற்று என்பதைப் பொறுத்தது. ஜான் ஹாட்டி 2009-இல் பல ஆய்வுகளின் எண்களைச் சேர்த்து அளக்கும் தொகுப்பாய்வுகள் எண்ணூறுக்கும் மேற்பட்டவற்றைத் திரட்டி, விளைவின் அளவு 0.40-க்கு மேற்பட்டவற்றைத் தனியே கவனிக்கச் சொன்னபின், பயிற்சி முகாம்களில் தரவரிசைப் பட்டியல்கள் பெருகிவிட்டன. வெவ்வேறு வயதில், வெவ்வேறு தேர்வுகளில் எடுத்த எண்களை ஒரே ஏணியில் நிறுத்தி, மேலே உள்ளதைச் செய், கீழே உள்ளதை விடு என்பது மோசமான வாசிப்பு என்பதே என் கருத்து. வீட்டுப்பாடம் நல்ல எடுத்துக்காட்டு: ஹாரிஸ் கூப்பர் குழுவின் 2006-ஆம் ஆண்டுத் தொகுப்பில், வீட்டுப்பாடத்துக்கும் அடைவுக்கும் உள்ள தொடர்பு ஏழாம் வகுப்பு முதல் வலுவாகவும், அதற்குக் கீழ் மெலிந்தும் இருந்தது. இரண்டையும் சேர்த்து ஒற்றைச் சராசரியாக்கினால் மூன்றாம் வகுப்பு ஆசிரியருக்கும் பத்தாம் வகுப்பு ஆசிரியருக்கும் ஒருசேரத் தவறான அறிவுரை கிடைக்கும்.

ஆய்வு வாசிப்பால் கிடைக்கும் மற்றொரு பயன், சிலவற்றை நிம்மதியாக விட்டுவிடலாம் என்பது. பார்வை வழி கற்பவர், செவி வழி கற்பவர், செயல் வழி கற்பவர் என்று பிள்ளைகளைப் பிரித்து, அந்தந்த வகைக்கேற்பக் கற்பிக்கச் சொல்லும் படிவங்கள் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. ஹெரால்ட் பாஷ்லர் உள்ளிட்ட நான்கு உளவியலாளர்கள் 2008-இல் இதற்கான சான்றுகளைத் தேடிப் பார்த்து, அப்படிப் பிரித்துக் கற்பிப்பதை நியாயப்படுத்தும் அளவுக்குப் போதிய சான்று இல்லை என்று முடிவுக்கு வந்தார்கள். அந்தப் படிவத்தை நிரப்பும் நேரத்தில் முன் சொன்ன மூன்று குவியல்களைப் பிரித்துவிடலாம்.

நான்காம் படி: நம் இடத்துக்குப் பொருந்துமா?

அடுத்தவருக்கு எழுதிக் கொடுத்த மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டால் எழுத்து தெரியாமல் போவதோடு தலையும் வலிக்கும், ஆய்வும் அப்படித்தான். புகழ்பெற்ற ஆய்வாக இருப்பதைவிட, நம் பள்ளியின் நிலைமைக்கு அருகில் நடந்த ஆய்வாக இருப்பது மேல்.

எடுத்துக்காட்டாக, பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பின் முன்முயற்சியில் வெளிவரும், பிள்ளைகளின் கற்றல் நிலை பற்றிய ஏசர் அறிக்கை ஊரகப் பகுதிகளில் வீடு வீடாகச் சென்று எடுக்கப்படுவது. அதில் தமிழ்நாட்டுக்கென வரும் எண்ணை எடுத்து ராயபுரத்துப் பிள்ளைகளைப் பற்றிப் பேச முடியாது. மாறாக, அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டூஃப்லோ உள்ளிட்டோர் மும்பையிலும் வடோதராவிலும் செய்து 2007-இல் வெளியிட்ட ஆய்வு, நகராட்சிப் பள்ளிகளில் நடந்தது. நெருக்கமான நகரம், வகுப்புக்குள் பெரிய கற்றல் இடைவெளி, ஏழைப் பெற்றோர் என்று பலவற்றில் அது நம் பக்கத்துக்கு அருகில் வருகிறது. அடிப்படைத் திறன்களில் பின்தங்கிய பிள்ளைகளை, பால்சகி என்ற பெயரில் அதே பகுதியைச் சேர்ந்த இளம்பெண்கள் தினமும் தனியே அமரவைத்துக் கற்பித்ததில், முதலாண்டில் 0.14, இரண்டாமாண்டில் 0.28 என்ற அளவில் முன்னேற்றம் கிடைத்தது. திட்டம் முடிந்து ஓராண்டு ஆனபின் பார்த்தபோது, அந்த ஆதாயம் குறைந்திருந்தது. பயிற்சிகளில் முதல் பாதியைச் சொல்வார்கள்; இரண்டாம் பாதியையும் சேர்த்தே திட்டமிட வேண்டும்.

கற்றல் நிலைக்கேற்பப் பிரித்துக் கற்பிக்கும் எண்ணம் நமக்குப் புதிதல்ல. செயல்வழிக் கற்றல் 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில்தான் தொடங்கி, பின்னர் மாநிலம் முழுவதும் சென்றது. அட்டைகளும் கற்றல் ஏணியும் இருந்த அந்த வகுப்புகளில் கற்பித்த மூத்த ஆசிரியர்கள் இன்னும் பணியில் இருக்கிறார்கள். எந்த ஆய்வுக் கட்டுரையும் தராத விவரங்களை அவர்களிடம் கேட்டுப் பெறலாம். 2022 ஜூனில் புழல் அருகே அழிஞ்சிவாக்கத்தில் தொடங்கிவைக்கப்பட்ட எண்ணும் எழுத்தும் என்ற அடிப்படைக் கல்வித் திட்டத்தின் அரும்பு, மொட்டு, மலர் என்ற கற்றல் நிலைப் பிரிவுகளும் இதே எண்ணத்தைச் சேர்ந்தவையே. தமிழ்நாட்டிலேயே நடந்த மற்றொரு பெரிய ஆய்வு பெருந்தொற்றுக் காலத்தைப் பற்றியது: அபிஜித் சிங், மொரீசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகிய மூவரும் சுமார் 19,000 குழந்தைகளைத் தொடர்ந்து பார்த்து, பள்ளிகள் திறந்த ஆறு மாதத்துக்குள் கற்றல் இழப்பில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு ஈடுகட்டப்பட்டதென்றும், அந்த மீட்சியில் 24 விழுக்காடு, தன்னார்வலர்கள் பாடம் நடத்திய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தால் வந்ததென்றும் கண்டார்கள். ஊக்கம் தரும் முடிவு. ஆயினும் இதுவும் ஊரகத் தமிழ்நாட்டில் எடுக்கப்பட்டது என்பதை ஓரத்தில் குறித்துவைத்துக்கொள்ள வேண்டும்.

நம் கொருக்குப்பேட்டை ஆசிரியருக்கு வருவோம். அவர் கையில் உள்ள ஆய்வு, வாசிக்கத் தெரிந்த இளைஞர்களிடம் செய்தது. அவருடைய வகுப்பில் சிலர் இன்னும் எழுத்துக்கூட்டியே படிக்கிறார்கள். அவர்களிடம் எழுத்துத் தேர்வாக இதைச் செய்தால் அளக்கப்படுவது நினைவாற்றலாக இருக்காது. ஆகவே வாய்மொழியாகச் செய்வது என்று முடிவெடுக்கிறார். இந்த ஒரு மாற்றத்தைக் காரணத்தோடு நோட்டில் எழுதிவைப்பதுதான் நான்காம் படியின் பயன்.

ஐந்தாம் படி: சிறிய அளவில் செய்து பார்த்தல்

ஒரே ஒரு மாற்றம், ஒரே ஒரு வகுப்பு, ஆறு வாரம். இதற்குமேல் முதல்முறை எடுத்துக்கொள்ள வேண்டாம். காலத்தைத் தேர்ந்தெடுப்பதும் முக்கியம். ஜூலையிலிருந்து காலாண்டுத் தேர்வுக்கு முன்புவரை உள்ள வாரங்கள் ஏற்றவை. அக்டோபருக்குப் பிறகு மழை விடுமுறை எப்போது வரும் என்று சொல்ல முடியாது. புளியந்தோப்பிலும் வியாசர்பாடியிலும் தெருவில் தண்ணீர் நின்றால் பள்ளி திறந்தாலும் பாதி வகுப்புதான் வரும். அந்த மாதங்களில் எடுத்த அளவீடு எதையும் நம்ப முடியாது.

செய்முறை இதுதான். பாடவேளையின் முதல் ஐந்து நிமிடம், நோட்டும் புத்தகமும் மூடியிருக்க, மூன்று கேள்விகள்: ஒன்று நேற்றைய பாடத்திலிருந்து, ஒன்று சென்ற வாரத்திலிருந்து, ஒன்று சென்ற மாதத்திலிருந்து. மதிப்பெண் கிடையாது, பெயர் குறிப்பதும் கிடையாது. பிள்ளைகள் முதலில் தமக்குள் விடையை யோசித்து, பிறகு பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லி, கடைசியில்தான் வகுப்புக்குச் சொல்ல வேண்டும்.

கேள்வியைக் கேட்டபின் காத்திருப்பது இதில் உயிர்நாடி. மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970-களில் வகுப்பறைகளை ஒலிப்பதிவு செய்து கேட்டபோது, ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக ஒரு விநாடி அளவே காத்திருந்தார்கள் என்பது தெரியவந்தது. அதை மூன்று விநாடியாக நீட்டியபோது விடைகள் நீண்டன, 'தெரியாது' என்பது குறைந்தது. மூன்று விநாடி என்பது படிப்பதற்குச் சிறியது. முப்பத்தைந்து பிள்ளைகளுக்கு முன்னால் வாயை மூடிக்கொண்டு நிற்பதற்கு மிகவும் நீளமானது. 'வண்ணாரப்பேட்டையில் மெட்ரோ ஏறி விம்கோ நகர்வரை போய், இறங்காமல் அதே வண்டியில் வண்ணாரப்பேட்டைக்கே திரும்பினால் உன் இடப்பெயர்ச்சி என்ன?' என்று கேட்டதும் முன்வரிசையில் இரண்டு கைகள் உயரும். வழக்கமாக அங்கேயே விடை வாங்கிவிடுவோம். கைகளைக் கீழே இறக்கச் சொல்லிவிட்டு மனத்துக்குள் மூன்று எண்ணினால், பின்வரிசையில் ஒருவன் விரலால் மேசைமேல் கோடு போட்டுப் போய்த் திரும்புவான். அவன் சொல்லும் விடை 'போன தூரமும் வந்த தூரமும் சேர்த்து' என்று தவறாகவே இருக்கலாம். ஆனால் அவன் தொலைவையும் இடப்பெயர்ச்சியையும் எந்த இடத்தில் கலக்கிறான் என்பது இப்போது ஆசிரியருக்குத் தெரியும். விடைத்தாளின் வெற்றிடம் இதைச் சொல்லியிருக்காது.

தவறான விடைக்கு என்ன பதில் சொல்வது என்பதிலும் ஆய்வு உதவும். ரூத் பட்லர் 1988-இல் வெளியிட்ட ஆய்வில், குறிப்புரை மட்டும் பெற்ற பிள்ளைகள், மதிப்பெண் மட்டும் பெற்றவர்களைவிடவும், மதிப்பெண்ணையும் குறிப்புரையையும் சேர்த்துப் பெற்றவர்களைவிடவும் நன்றாகச் செய்தார்கள். எண்ணைக் கண்டதும் பிள்ளை குறிப்பைப் படிப்பதில்லை என்று அனுபவத்தில் நாம் அறிந்ததோடு இது ஒத்துப்போகிறது. பின்னூட்டம் எப்போதும் நல்லதே என்று எடுத்துக்கொள்ளவும் முடியாது: குளூகர், டெனிசி இருவரும் 1996-இல் செய்த தொகுப்பாய்வில், பின்னூட்டங்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் செயல்திறனைக் குறைத்தே இருந்தன. வேலையைப் பற்றிப் பேசாமல் ஆளைப் பற்றிப் பேசும்போது அது கெடுகிறது என்பது அவர்களுடைய விளக்கம். 'நீ கெட்டிக்காரன்' என்பதைவிட 'கிளம்பிய இடத்தையும் சேர்ந்த இடத்தையும் மட்டும் பார்' என்பது உதவும்.

ஆறாம் படி: பலித்ததா என்று பார்த்தல்

நம் ஊர்ச் செயல் ஆராய்ச்சிகளின் பலவீனம் முழுவதும் இந்த இடத்தில்தான் இருக்கிறது. முன்தேர்வு, புதிய முறை, பின்தேர்வு, 'மாணவர்களின் அடைவு உயர்ந்துள்ளது' என்ற முடிவு: நான் பார்த்த அறிக்கைகள் ஏறக்குறைய அனைத்தும் இப்படியே முடிகின்றன. ஆறு வாரம் பள்ளிக்கு வந்த பிள்ளை எந்த முறையில் கற்பித்தாலும் சற்று முன்னேறும். அதோடு, முன்தேர்வில் மிகக் குறைந்த மதிப்பெண் பெற்ற பத்துப் பேரைத் தேர்ந்தெடுத்தால், அவர்களில் சிலர் அன்று காய்ச்சலோடோ தூக்கமில்லாமலோ எழுதியிருப்பார்கள். மறுமுறை எழுதும்போது நாம் ஒன்றும் செய்யாவிட்டாலும் அவர்களுடைய மதிப்பெண் உயரும். அந்த உயர்வை நம் முறையின் வெற்றியாகக் கணக்கு எழுதுவது எளிது, தவறும்கூட.

இதற்குத் தீர்வு ஒப்பீடு. 'ஏ', 'பி' என்று இரண்டு பிரிவுகள் இருந்தால், ஒன்றில் இப்போதும் மற்றதில் அடுத்த பாடத்திலும் தொடங்கலாம். எந்தப் பிரிவுக்கும் நல்லது மறுக்கப்படாது, தள்ளிப்போடப்படுகிறது, அவ்வளவே. 'ஏ' பிரிவின் சராசரி 40-லிருந்து 55-க்கும், 'பி' பிரிவின் சராசரி 41-லிருந்து 52-க்கும் போனதாக வைத்துக்கொண்டால், நம் முறைக்குரியது 15 மதிப்பெண் அல்ல, 4 மட்டுமே. ஒரே பிரிவுதான் இருக்கிறதென்றால், ஐந்து நிமிட மீட்டலில் சேர்த்த பகுதிகளையும் சேர்க்காத பகுதிகளையும் ஒரே தேர்வில் கலந்து கேட்டு, இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைப் பார்க்கலாம். சிறிய பள்ளிகளுக்கு இதுவே சிறந்தது.

தேர்வை இரண்டு வாரம் கழித்து வைக்க வேண்டும். நடத்திய மறுநாள் வைத்தால் ஐந்து நிமிடச் சோதனையின் கதைதான். விடைத்தாள்களின் பெயர்ப் பகுதியை மடித்துவைத்து, சக ஆசிரியரைத் திருத்தச் சொல்வது நல்லது. சராசரியோடு நிறுத்தாமல், யாருக்குப் பலிக்கவில்லை என்ற பட்டியலையும் எடுக்க வேண்டும். சராசரி உயர்ந்து, கடைசி வரிசையில் இருக்கும் ஆறு பேர் இருந்த இடத்திலேயே இருந்தால், அந்த முறை வகுப்பின் இடைவெளியை அகலப்படுத்தியிருக்கிறது என்று பொருள்.

ஏழாம் படி: சக ஆசிரியர்களோடு

தனியாகச் செய்ததை மற்றவர்களோடு செய்யும்போதுதான் அது தொழில்முறை வளர்ச்சியாகிறது. பயிற்சிகளுக்குக் குறைவில்லை. தேசியக் கல்விக் கொள்கை 2020 ஆசிரியர் ஒருவருக்கு ஆண்டுக்கு 50 மணி நேரம் என்கிறது. மாநிலத்திலும், அருகருகே உள்ள பள்ளிகளின் ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டங்கள் நடக்கின்றன. மாநிலக் கருத்தாளர் மாவட்டத்துக்கும், மாவட்டக் கருத்தாளர் வட்டாரத்துக்கும் சொல்லி, வகுப்பறை ஆசிரியரை வந்தடையும்போது காரணங்கள் உதிர்ந்து கட்டளைகள் மட்டும் மிஞ்சுகின்றன. மேத்யூ கிராஃப்ட் குழுவினர் 2018-இல் அறுபது ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், ஆசிரியரின் வகுப்புக்கே வந்து தொடர்ந்து துணைநிற்கும் பயிற்றுநர் முறை, கற்பித்தலில் 0.49 அளவும் மாணவர் அடைவில் 0.18 அளவும் மாற்றம் தந்தது. அதே முறையைப் பெரிய எண்ணிக்கையில் விரித்தபோது பயன் வெகுவாகக் குறைந்தது. வட்டாரத்தின் ஆசிரியர் பயிற்றுநர் ஒருவர் பல பள்ளிகளுக்கு அலைய வேண்டியிருக்கும்போது, இந்தத் துணையை ஒரு பள்ளிக்குள்ளேயே இரண்டு மூன்று ஆசிரியர்கள் ஒருவருக்கொருவர் தந்துகொள்வதே நடக்கக்கூடியது.

ஜப்பானில் நீண்ட காலமாக நடந்துவரும் பாட ஆய்வு முறை இதற்கு ஏற்றது. மூன்று ஆசிரியர்கள் சேர்ந்து ஒரு பாடவேளையைத் திட்டமிடுகிறார்கள், ஒருவர் நடத்துகிறார், மற்ற இருவரும் பின்னால் நின்று ஆசிரியரைப் பார்க்காமல், ஆளுக்கு இரண்டு பிள்ளைகளின் அருகில் அமர்ந்து அவர்கள் எழுதுவதையும் அழிப்பதையும் எட்டிப்பார்த்து எழுதுவதையும் குறித்துக்கொள்கிறார்கள். அன்று மாலையே அரை மணி நேரம் அந்தக் குறிப்புகளை மட்டும் வைத்துப் பேசுகிறார்கள்.

நம் பள்ளிகளில் வகுப்புக்குள் வெளியாள் வந்து உட்கார்ந்தாலே பள்ளியைப் பார்வையிடும் அலுவலர் வந்ததுபோல் ஒரு பதற்றம் வந்துவிடும். ஆகவே தொடங்கும் முன்பே விதியைப் பேசிவிட வேண்டும்: குறிப்பு நடத்தியவர் கையில் ஒப்படைக்கப்படும், வேறு எவருக்கும் போகாது, 'நீங்கள் இப்படிச் செய்திருக்கலாம்' என்ற வாக்கியத்துக்கு இடமில்லை. தலைமையாசிரியர் செய்ய வேண்டியது ஒன்றுதான். மாதம் இருமுறை அந்த மூவருக்கும் ஒரே பாடவேளையை ஓய்வாகக் கால அட்டவணையில் போட்டு, அந்த நேரத்தில் அவர்களை வேறு வகுப்புக்கு மாற்றுப் பணியாக அனுப்பாமல் இருப்பது. சொல்ல எளிது, ஆசிரியர் பற்றாக்குறை உள்ள பள்ளியில் இதுவே கடினமான பகுதி. மாதம் ஒருமுறை முடிந்தாலும் தொடங்கிவிடலாம்.

எழுதிவைத்தல்

ஆறு வாரம் முடிந்ததும் ஒரு பக்கக் குறிப்பு எழுத வேண்டும். என்ன கேள்வி, எந்த ஆய்வு, அதில் எதை ஏன் மாற்றினோம், எதனோடு ஒப்பிட்டோம், என்ன எண் வந்தது, யாருக்குப் பலிக்கவில்லை என்பவை மட்டும் போதும். பிள்ளைகளின் பெயரோ எமிஸ் எண்ணோ அதில் இடம்பெறக் கூடாது. வாட்ஸ்அப் குழுவில் விடைத்தாளைப் படமெடுத்துப் போடும் பழக்கத்தையும் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். பலிக்காத முயற்சியையும் அதே அக்கறையோடு எழுத வேண்டும், இல்லையென்றால் அடுத்து வரும் ஆசிரியர் அதையே முதலிலிருந்து செய்வார். மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனத்தின் விரிவுரையாளர் ஒருவரிடம் காட்டினால் ஒப்பீட்டில் உள்ள ஓட்டைகளைச் சொல்வார். அவர்களில் பலருக்கு இத்தகைய சிறிய, நேர்மையான குறிப்புகள் கிடைப்பதே அரிது. குறிப்பின் ஒரு நகலைத் தலைமையாசிரியர் அறையில் உள்ள கோப்பில் சேர்த்துவிடுவதை இடமாறுதல் கலந்தாய்வுக்கு முன்பே செய்துவிட வேண்டும். கலந்தாய்வு முடிந்து ஆசிரியர் வேறு பள்ளிக்குப் போனபின் அந்த நோட்டைத் தேடி எடுத்துத் தருபவர் எவரும் இருக்கமாட்டார்.